பச்சையில் மூன்று வரி

"படியில நிக்காத, உள்ள வா, உள்ள வா, பின்னால பூரா எடம் கெடக்கு" என்று இப்போது கத்தியது கண்டக்டர் இல்லை அண்ணாச்சி, நான்தான். பாருங்க, படியில் நின்ற ரெண்டு பேர் நிஜமாகவே உள்ளே ஏறிவிட்டார்கள். கண்டக்டர் முன்னால் டிக்கெட் கிழித்துக்கொண்டே, நாம எப்பக் கத்துனோம் என்று யோசிக்கிறார். சிரிக்காதீங்க, திரும்பிப் பார்ப்பார்.

எனக்கு எல்லார் குரலும் வரும். பள்ளிக்கூடத்தில் என் பெயர் ரேடியோ. வீட்டில் வைத்த பெயர் வெயிலுமுத்து. பிளஸ் டூ. எங்கள் பி.டி. சார் ஜெபமணி பேசினால் இப்படி இருக்கும்: "ஏலேய், ஷூ போடாதவன்லாம் வெளிய நில்லு. ஷூ போட்டவன் அவனுக்குக் காவல் நில்லு." எங்கள் ஹெச்.எம். பேசினால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நீங்கள் ஒரு வடையைத் தின்று முடித்துவிடலாம். "மாணவர்களே... நேற்று... சைக்கிள் நிறுத்தும் இடத்தில்... ஒரு ஆடு... இருந்தது." அவ்வளவுதான். ஆட்டை என்ன செய்ய வேண்டும் என்று கடைசி வரை சொல்ல மாட்டார்.

உங்கள் பையில் இருக்கிறது பச்சைப் பேனாதானே? ஆபீசரா? ரிட்டயர்டா. சரி சரி. கையெழுத்துப் போட்ட கை சும்மா இருக்காது. இல்லை, ஒன்றுமில்லை. பச்சை மையைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் பார்வை அங்கேயே போகிறது, அதான் கேட்டேன். விருதுநகருக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. நீங்க யாரோ, நான் யாரோ. சொன்னால் உங்களோடு போகும்.

பச்சை மை சங்கதி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நீலம், வாத்தியார்களுக்குச் சிவப்பு, ஹெச்.எம். ஒருத்தருக்குத்தான் பச்சை. ஒரு தடவை பி.டி. சார் தெரியாமல் பச்சையில் வருகைப் பதிவு போட்டுவிட்டார். ஹெச்.எம். கூப்பிட்டு, "ஜெபமணி... இந்தக் கலர்... உங்களுக்கு... எப்ப... வந்தது?" என்று கேட்டார். அன்றிலிருந்து பி.டி. சார் பச்சைச் சட்டைகூடப் போடுவதில்லை. பச்சையில் ஒன்று எழுதியிருந்தால் அது சரியா தப்பா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பச்சையில் இருக்கிறதே, அப்புறம் என்ன?

திங்கட்கிழமை தோறும் வாத்தியார்கள் எல்லாரும் அந்த வாரத்துப் பாடக்குறிப்பு நோட்டை ஹெச்.எம். ரூமில் வைப்பார்கள். எந்த வகுப்புக்கு என்ன பாடம், எப்படி நடத்தப் போகிறோம் என்று எழுதின நோட்டு. ஹெச்.எம். ஒவ்வொன்றிலும் கீழே பச்சையில் கையெழுத்துப் போடுவார், தேதி போடுவார். படிக்க மாட்டார். இருபத்தாறு நோட்டை அவர் எத்தனை நிமிஷத்தில் முடிப்பார் என்று எனக்குத் தெரியும். பிரேயரில் செய்தி வாசிக்கிறவன் நான், முடித்துவிட்டு அவர் ரூம் வழியாகத்தான் வருவேன். ஒருநாள் அவரே, "ரேடியோ... இதை... ஸ்டாஃப் ரூம்ல... வச்சிரு" என்று நோட்டுக் கட்டை என் கையில் தந்தார். அதிலிருந்து திங்கட்கிழமை என் வேலை அது. நியாயமாகப் பார்த்தால் தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. இருபத்தாறு நோட்டை என்னை நம்பி யார் தரச் சொன்னார்கள்?

ஒரு கையெழுத்து, மேலே இரண்டு விரல் வெற்றிடம். அதைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். அங்கே ஒரு வரி இருந்தால் எப்படி இருக்கும்?

ஆனால் பச்சை என்றால் எந்தப் பச்சை? அதுதான் விஷயம். இருபத்தாறு பேரும் அந்தக் கையெழுத்தை வருஷக்கணக்காகப் பார்க்கிறவர்கள். பச்சை கொஞ்சம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஹெச்.எம். கையெழுத்துப் போட்ட என்னுடைய லீவ் லெட்டர் ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஜாருக்குப் போனேன். ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணிக்குப் புடவையோடு போவார்களே, அப்படி.

ஸ்டேஷனரிக் கடை அக்கா, "பச்ச இங்க்கா? உனக்கா?" என்றார்.

"எங்க ஹெச்.எம்.முக்கு."

"எங்க, அவர் மாதிரி ஒருக்கா பேசு, நம்புதேன்."

பேசினேன். "அம்மா... இங்க்... ஒரு பாட்டில்... கொடுங்கள்." அக்கா கல்லாவில் சாய்ந்து சிரித்துவிட்டு மூன்று பாட்டில் எடுத்து வைத்தார். ஈர்க்குச்சியில் தொட்டுப் பழைய காலண்டர் தாளுக்குப் பின்பக்கம் இழுத்துப் பார்த்தேன். முதல் பச்சை கிளி. அதில் எழுதினால் ஹெச்.எம்.முக்குக் கல்யாணம் என்று நினைப்பார்கள். இரண்டாவது, கிணற்றுப் பாசி, கிட்டத்தட்டக் கறுப்பு. மூன்றாவது வாழையிலை. லீவ் லெட்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றும் இல்லை. அவருடையது சாயம் போன பச்சை, ரொம்ப நாள் வெயிலில் கிடந்த கறிவேப்பிலை மாதிரி.

"ஏம்ப்பா, பச்சைனா பச்சைதான. இத்தன நேரமா பொண்ணு பாக்க?" என்றார் அக்கா.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆபீஸ் ரூம் குழாயடியில் ஹெச்.எம். பேனாவைக் கழுவி, பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். இங்க் சீக்கிரம் தீரக் கூடாதாம். வாழையிலைப் பச்சையை வாங்கிவந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்தேன். ஒன்பதாவது சொட்டில் ஹெச்.எம். காகிதத்தில் வந்துவிட்டார். அண்ணாச்சி, அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நீங்கள் தப்பாக நினைப்பீர்கள். ஒருத்தர் குரலைப் பிடிக்கும்போது தொண்டையில் ஒன்று 'டக்'கென்று உட்காரும். அது கையில் உட்கார்ந்தது. பின்னால் சாய்ந்த எழுத்து, 'க'வுக்கு வால் கிடையாது, எல்லாம் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை நோட்டுக் கட்டோடு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்தேன். பி.டி. சார் நோட்டில், "விசில் ஊதும்போது சுருதி கவனிக்கவும்." இயற்பியல் சார் நோட்டில், "பாடம் கண்டேன். கொட்டாவி விட்டேன்." பி.டி. சார் அந்த வாரம் முழுக்க மைதானத்தில் விசிலை எடுத்து வாயில் வைப்பார், யோசிப்பார், மெதுவாக ஊதுவார். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா எலும்பு வலித்தது. இயற்பியல் சார் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. ஒருத்தராவது ஹெச்.எம். ரூமுக்குப் போய், "சார், இது நீங்க எழுதினதா?" என்று கேட்டார்களா என்றால், இல்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே நான் டி.சி. வாங்கியிருப்பேன். இன்றைக்கு இந்தப் பஸ்ஸில் இருக்க மாட்டேன்.

மூன்றாவதாக எழுதினது பூரணம் டீச்சர் நோட்டில்.

பூரணவல்லி என்று முழுப்பெயர். எங்களுக்கு வரலாறு. சிவகிரிப் பக்கம் சொந்த ஊர், விருதுநகரில் தனியாக வீடு எடுத்துத் தங்கி பஸ்ஸில் வருவார். முப்பத்தைந்து இருக்கும். திட்டத் தெரியாது. குரல் என்றால், எப்படிச் சொல்வது, பக்கத்து வீட்டில் ரேடியோ ஓடுவது மாதிரி. ஏதோ பேசுகிறார் என்று தெரியும், என்ன என்று தெரியாது. முதல் மூன்று பெஞ்சுக்கு ராஜராஜன் வருவான், கடைசி பெஞ்சுக்கு வர மாட்டான். முன் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் அவர் பாடத்தில் நல்ல மார்க். அது வேறு விஷயம்.

நானும் அவர் குரலைப் பிடிக்க ஒரு வருஷமாகப் பார்க்கிறேன், வரவில்லை. எல்லார் குரலும் வருகிறது, இவர் குரல் மட்டும் வரவில்லை. பிடித்துக்கொள்ளக் கொஞ்சமாவது சத்தம் வேண்டாமா? பையன்கள் வேறு, "ரேடியோவுல பூரணம் ஸ்டேஷன் எடுக்கல" என்று கேலி. அதனால், உண்மையைச் சொல்கிறேனே, எனக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். "குரல் கடைசி பெஞ்சுக்கு எட்டவில்லை." ஒரே ஒரு வரி. அதுவும் பொய் இல்லை. எட்டவில்லைதானே?

மறுநாள் டீச்சர் வகுப்புக்குள் வந்தார், மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார், கண்ணை மூடித் திறந்தார். "முதலாம் பானிபட் போர்" என்று ஒரு சத்தம். முன் பெஞ்சு பின்னால் சாய்ந்தது. வெளியே மரத்தில் இருந்த காகம் போய்விட்டது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. நான் ஒருத்தன் மட்டும் சிரிக்கவில்லை, அண்ணாச்சி. ஏனென்றால் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கத்தும்போது குரல் எங்கே ஏறுகிறது, எங்கே பிசிறு தட்டுகிறது என்று.

அடுத்த திங்கட்கிழமை அவர் நோட்டைப் பிரித்துப் பார்க்கிறேன், என் வரிக்குக் கீழே நீலத்தில் பதில் இருக்கிறது. "குறிப்பு கண்டேன். திருத்திக்கொள்கிறேன் ஐயா." அதற்கும் கீழே இந்த வாரத்து ஹெச்.எம். கையெழுத்து, தேதி. புரிகிறதா? அந்த மனுஷன் என் வரியையும் படிக்கவில்லை, டீச்சர் பதிலையும் படிக்கவில்லை, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். டீச்சர் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? ஐயா பார்த்துவிட்டார், ஒத்துக்கொண்டுவிட்டார் என்றுதானே? இதில் என் பங்கு எவ்வளவு, ஹெச்.எம். பங்கு எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்க.

சொல்ல மாட்டீங்க. சரி.

ஒரு வரி என்று சொன்னேன் இல்லையா, இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்க. அந்தப் பதிலைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. ஒருத்தர் பதில் போட்டால் நாமும் ஒன்று போட வேண்டாமா, மரியாதைக்காவது. "முன்னேற்றம் தெரிகிறது. போதாது" என்று எழுதினேன். 'போதாது' எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை. 'முன்னேற்றம் தெரிகிறது' என்பது ஹெச்.எம். மாதிரி இல்லை, அவர் யாரையும் பாராட்ட மாட்டார். எழுத்து நம்புகிற மாதிரி இருக்க வேண்டுமே என்று சேர்த்தேன். தொழில் சுத்தம்.

அந்த வாரம் எனக்கு அவர் குரல் வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேஜை மேல் ஏறி நின்று, கண்ணை மூடித் திறந்து, "முதலாம் பானிபட் போர்" என்றேன். நடுவில் குரல் கிழிகிறது பாருங்க, பானி, அப்புறம் காற்று மட்டும், அப்புறம் பட், அப்படியே. பையன்கள் தகர டப்பாவால் தரையில் தட்டினார்கள். பக்கத்து வகுப்பிலிருந்தெல்லாம் வந்து, "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்றார்கள். எல்லாரும்தான் சிரித்தார்கள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருகிறவன் நான் ஒருத்தன்தான்.

டீச்சர் கைப்பையில் பனங்கற்கண்டு டப்பா வைத்திருந்தார். ஒரு பீரியடுக்கு இரண்டு தடவை வாயில் போட்டுக்கொள்வார். கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். முன் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி, "மிஸ், மெதுவாவே சொல்லுங்க, கேக்குது" என்றாள். டீச்சர் கடைசி பெஞ்சைப் பார்த்துக் கேட்டார், "உங்களுக்குக் கேக்குதா?" கடைசி பெஞ்சில் நான். கேட்கவில்லை என்று தலையை ஆட்டினேன்.

அது எழுதினது இல்லை. சும்மா தலைதான் ஆட்டினேன்.

அப்புறம் ஒன்று எழுதினேன். அதை வரி என்று சொல்ல முடியாது, ஒரே ஒரு சொல். "தொடரவும்." அவ்வளவுதான். ஹெச்.எம். வழக்கமாக எழுதுகிற சொல்தான் அது, எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் அதைத்தான் எழுதுவார். அதற்கு மூன்றாம் நாள் டீச்சர் ஷெர்ஷா நடத்திக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ரொம்ப நேரம் வாய் மட்டும் அசைந்தது. நாங்கள் முதலில் விளையாட்டு என்று நினைத்தோம். அப்புறம் சாக்பீஸை எடுத்துப் பலகையில், "மீதியைப் படித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிவிட்டு வெளியே போனார். அப்புறம் வரவில்லை.

குரல்வளையில் காய்ப்பு விழுந்துவிட்டதாம். மண்வெட்டி பிடிக்கிறவர் கையில் விழுமே, அது உள்ளே. ஆறு வாரம் ஒரு சொல் பேசக் கூடாது, கிசுகிசுப்புக்கூடக் கூடாது. அப்புறமும் பேச்சு வரும், ஆனால் வகுப்பு எடுக்கிற குரல் வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள், நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். பி.டி. சார் சொன்னார், "பாவம், அந்தம்மாவுக்கு வேற என்ன தெரியும், பாடம் நடத்தத்தான தெரியும்." அவர் குரலில் இதைச் சொல்லிப் பார்த்தேன். வந்தது. சிரிப்பு வரவில்லை.

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. எங்கம்மா திருநீறு போட்டுவிட்டார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இதே பஸ்ஸில் ஏறினேன். போவது, சொல்வது, அவர் அடித்தால் வாங்கிக்கொள்வது, திரும்பி வருவது. பாலவநத்தம் ஸ்டாப் வரைக்கும் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன், என் குரலில். சொன்னால் நம்ப மாட்டீங்க, எனக்கு என் குரல்தான் சரியாக வரவில்லை.

டீச்சர் கதவைத் திறந்தார். கழுத்தில் நூல் கட்டின ஒரு சின்ன நோட்டு தொங்கியது, கூடவே பேனா. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது, அண்ணாச்சி, அதுதான் முதல் அடி. எழுதிக் காட்டினார். "வா வெயிலுமுத்து. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற முதல் ஆள் நீதான்." தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், ஒண்ணு சொல்லணும்" என்றேன். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது.

போனைப் பார்த்தார். எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. நின்றது. மறுபடி அடித்தது. அவசரமாக எழுதினார். "என் அம்மா. இதய ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது. எனக்கு இப்படி என்று தெரியாது. போன ஞாயிறும் எடுக்கவில்லை. இன்றும் எடுக்காவிட்டால் பஸ் ஏறி வந்துவிடுவார்." எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் கீழே இன்னொரு வரி. "நீ என்னை மாதிரிப் பேசுவாய் அல்லவா?"

"யாரு டீச்சர் சொன்னா?"

"ஒருநாள் மதியம் வராந்தாவில் நின்று கேட்டேன். நன்றாக இருந்தது."

மேஜை மேல் ஏறி நின்றேனே, அந்த மதியம். வராந்தாவில் நின்று முழுக்கக் கேட்டிருக்கிறார்.

என்ன செய்வேன்? போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன். "வணக்கம் அம்மா, எப்படி இருக்கிறீர்கள்?" என்றேன், டீச்சர் குரலில், வகுப்பில் பேசுகிற மாதிரி.

அந்தப் பக்கத்திலிருந்து உடனே கேள்வி வந்தது. "ஏட்டி பூரணம், என்னட்டி பாடம் நடத்துத மாதிரி பேசுத? காச்சலா?"

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு அவசரமாக எழுதினார், "'யம்மா' என்று கூப்பிடு. வீட்டுப் பேச்சு." நான் மாற்றிப் பிடித்தேன். "யம்மா, பக்கத்துல பிள்ளைய டியூசனுக்கு வந்திருக்கு, அதான்." அதிலிருந்து அவர் எழுதுவார், நான் பேசுவேன். மாத்திரை போட்டியா, அண்ணன் வந்தானா, மாடு ஈனிட்டா. பத்து நிமிஷம். கடைசியில் அந்த அம்மா, "இன்னிக்குத்தாட்டி நீ தெளிவாப் பேசுத. எப்பவும் முணுமுணுன்னு என்ன சொல்லுதன்னே வெளங்காது" என்றார். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கவும் கூடாது, வாயைப் பொத்திக்கொண்டு தோள் மட்டும் குலுங்கினார். சொல்ல வந்ததை நான் எப்படிச் சொல்வேன்? நீங்களாக இருந்தால் சொல்வீர்களா? "அடுத்த ஞாயிறும் வருகிறாயா?" என்று எழுதினார். வருகிறேன் என்றேன்.

போன ஞாயிறு அடுத்த தடவை. டீச்சர் வீட்டில் இட்லி வைத்திருந்தார், எனக்காக. பதினோரு மணிக்குப் போன் வந்தது. நல்லபடியாகத்தான் போனது. திடீரென்று அந்த அம்மா கேட்டார், "அந்த ஹெட்மாஸ்டரு இன்னும் நோட்டுல ஏதும் எழுதுதானாட்டி?"

நோட்டில் எழுதினது அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது.

"நீ அன்னிக்கு அழுததுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. உங்கப்பா செத்தன்னிக்குக்கூட நீ அப்படி அழல. 'பன்னெண்டு வருசமா என் சத்தம் யாருக்கும் கேக்காமத்தான் பாடம் நடத்தியிருக்கேன், யாரும் சொல்லலயே'ன்னு சொன்னியே. இன்னும் அதையேதான் நெனச்சிட்டிருக்கியா?"

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் குனிந்து எழுதினார். மெதுவாக எழுதினார். நோட்டை என் பக்கம் திருப்பினார். "இல்லம்மா. அவர் சொன்னது சரிதான். குறை என் மேல்தான்."

அதை நான் சொல்ல வேண்டும். அவர் குரலில்.

வாயைத் திறந்தேன். எல்லாம் வரிசையாக இருக்கிறது, குரல் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறது, சொன்னால் போதும். குறை எம்மேலதாம்மா. ரெண்டே சொல். அண்ணாச்சி, நான் எத்தனையோ பேர் வாயில் எத்தனையோ பொய்யை வைத்திருக்கிறேன். இதை வைக்க முடியவில்லை.

"ஹெட்மாஸ்டர் எழுதலம்மா" என்றேன். "எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் எழுதினான். வெளாட்டுக்கு. பச்ச இங்க் வாங்கி, தண்ணி ஊத்திக் கலந்து, மூணு தடவ எழுதினான்."

டீச்சர் குரலில்தான் சொன்னேன். வேறு குரலில் சொல்ல அந்த நேரம் முடியாதே. அவர் குரல் என் வாயிலிருந்து அவர் காதுக்கே போகிறது. அவர் பேனா நோட்டின் மேல் அப்படியே நிற்கிறது.

"பயலா?" என்றார் அந்த அம்மா. "பள்ளிக்கொடத்துப் பயலா? வெளங்குவானா அவன்? அவன என்னட்டி பண்ணுன?"

நான் டீச்சரைப் பார்த்தேன். எழுதுங்க, நீங்க எதை எழுதினாலும் சொல்கிறேன், அப்படித்தானே இது நடக்கிறது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதவில்லை.

"என்னட்டி, பேச்சக் காணும்?"

ஒரு நிமிஷம் எனக்கு வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 'சின்னப் பையம்மா, போகட்டும், விட்டுட்டேன்' என்று அவர் குரலில் சொல்லிவிட்டால் முடிந்தது. அந்த அம்மா நம்பிவிடுவார். நானும்கூட நம்பிவிடுவேன். நுனி நாக்கில் இருந்தது. டீச்சர் கண்ணைப் பார்த்தேன், அதுவும் அவர் நோட்டில் நான் எழுதுகிற நாலாவது வரிதான் என்று தெரிந்தது.

"இப்பத்தாம்மா எனக்கே தெரியும்" என்றேன்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் திட்டினார். நன்றாகத் திட்டினார். நான், "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டேன், அவர் மகள் குரலில். அப்புறம் மாத்திரை நேரம் என்று வைத்துவிட்டார்.

டீச்சர் எழுந்து போய் ஜன்னல்கிட்டே நின்றார். நான், "டீச்சர்" என்றேன். என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை. அவர் திரும்பவில்லை. இட்லித் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போகலாமா, அப்படியே போகலாமா என்றுகூடத் தெரியாமல் நின்றேன். கடைசியில் வந்தார். நோட்டில் எழுதி, தாளைக் கிழித்து என் கையில் தந்தார். இதோ இருக்கிறது, படியுங்க. "அந்தப் பையனிடம் சொல்ல வேண்டியதை நானே சொல்வேன். என் குரலில். அதுவரை ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. அம்மாவுக்குத் தெரியக் கூடாது."

அவ்வளவுதான். அடிக்கவில்லை, போ என்று சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அப்புறமும் வருமோ வராதோ. வராவிட்டால் அவர் சொல்ல வேண்டியது என்ன ஆகும், வந்தால் அவர் என்ன சொல்வார், இதையேதான் மாற்றி மாற்றி நினைக்கிறேன்.

நேற்று வீட்டில் யாரும் இல்லாத நேரம் கண்ணாடி முன்னால் நின்று நானே சொல்லிப் பார்த்தேன், அவர் குரலில். "வெயிலுமுத்து" என்று கூப்பிட்டேன். அச்சு அசல். அதற்கு மேல் என்ன சொல்வார் என்று நின்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்கோங்க அண்ணாச்சி. நான் இறங்கணும்.